நோயாளி விட்டுச் சென்ற அமானிதம்



கடைவீட்டின் மேல்மாடியை அறை அறையாக வாடகைக்கு விட்டிருப்போர் நம்மில் உண்டு. அங்கே குடியிருப்பவர் பெரும்பாலும் குடும்பத்தை ஊரில் விட்டுத் தனியாக வந்து உழைப்பவர். திடீரென அவருக்குப் பாரிசவாயு கண்டுவிடுகிறது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள், அங்கிருந்து உறவினர் ஊருக்கு அழைத்துச் செல்கிறார்கள். அறையில் டிரங்குப் பெட்டியும், படுக்கையும், தொழில் சாமான்களும் கிடக்கின்றன. வாடகையோ மூன்று மாதம் பாக்கி. பூட்டை உடைத்து, விலை போவதை விற்று, மற்றதை அஞ்சடியில் எறிந்துவிடலாமா?

கூடாது, சகோதரர்களே! காற்றில் பறந்து வந்து நம் வீட்டுக்குள் விழுந்த துணியைக்கூட அமானிதம் என்றே ஷாபியீ மத்ஹபின் சட்ட நூல்கள் கூறுகின்றன. அப்படியிருக்க, நம்மை நம்பிக் குடியிருந்தவரின் பெட்டி எத்தகையது! அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு திருமறையின் நிஸா அத்தியாயம் 58ஆம் வசனம் கட்டளையிடுகிறது. கி.பி. 622இல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவை விட்டு ஹிஜ்ரத் புறப்பட்டபோது, தம்மிடம் இருந்த அமானிதங்களைத் திருப்பிக் கொடுப்பதற்காகவே ஹழ்ரத் அலீ (ரலி) அவர்களை அங்கே நிறுத்திச் சென்றார்கள். உயிருக்கே ஆபத்தான வேளையிலும் பிறர் பொருளை அவர்கள் மறக்கவில்லை.

"எனக்கும் வீட்டு வரி, கடன் தவணை இல்லையா?" என்று கேட்பீர்கள். உண்டு. வாடகை உங்கள் ஹக்கு; மார்க்கம் அதை மறுக்கவில்லை. ஆனால் பாக்கி வேறு, பொருள் வேறு. அவர் மனமொப்பி அடகு வைக்காத பொருள் அடகாகாது. மலேசியாவில் 1951ஆம் ஆண்டின் வாடகை ஜப்திச் சட்டமும் நீதிமன்ற வாரண்டின் பேரில்தான் சாமானைப் பிடிக்க இடம் தருகிறது. கஷ்டத்தில் இருக்கும் கடனாளிக்கு வசதி வரும்வரை தவணை கொடுக்கவும், தர்மமாக விட்டுவிடுவது அதைவிட நன்று எனவும் பகரா அத்தியாயம் 280ஆம் வசனம் போதிக்கிறது.

ஆகவே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அவர் பேசக்கூடிய நிலையில் இருக்கும்போதே ஆஸ்பத்திரிக்குச் சென்று, அறையைக் காலி செய்கிறாரா, பொருளை யாரிடம் ஒப்படைப்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவரால் இயலாவிட்டால் குடும்பத்தாருக்கு எழுதிக் கேளுங்கள். சம்மதம் வந்தபின், அவருடைய நண்பர் ஒருவர் உட்பட இரண்டு சாட்சிகளை வைத்துக்கொண்டு அறையைத் திறந்து, ஒவ்வொரு பொருளையும் ஜாபிதா எழுதுங்கள். ஒரு பிரதி உங்களுக்கு, ஒரு பிரதி அவருக்கு. பாஸ்போர்ட்டு, பணம், நகை, கடிதங்கள் ஆகியவற்றைத் தனியே முத்திரையிட்டு முதலில் ஒப்படையுங்கள். மற்றதை நனையாத இடத்தில் வையுங்கள். நோய்க்குப் பயந்து படுக்கையை எரிக்க வேண்டுமானாலும், கேட்டுவிட்டே எரியுங்கள். பாக்கிக் கணக்கைத் தனித் தாளில் எழுதி அனுப்புங்கள்.

அவர் மவுத்தாகிவிட்டாலோ, பெட்டி வாரிசுதாரர்களுக்குரியது. அடக்கச் செலவு, பிறகு கடன், பிறகு மூன்றில் ஒரு பங்குக்கு மிகாத வஸிய்யத், மீதியே பங்கு. உங்கள் வாடகையும் அந்தக் கடன்களில் ஒன்றாக நிற்கும். அதை அவர்களிடம் கேட்டு வாங்குங்கள்; நீங்களே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நமக்குப் பழம்பெட்டியாகத் தெரிவது, படுக்கையில் கிடப்பவருக்கு வாழ்நாள் சம்பாத்தியம். நாளை நாமும் நோயாளியாகலாம். பிறர் பொருளைப் பேணி நடக்க வல்ல நாயன் நம் அனைவருக்கும் தவ்பீக் செய்தருள்வானாக! ஆமீன்.