நித்திரை என்று விட்டுவிடலாமா?



இறைவன் உறையும் ஆலயம் இவ்வுடம்பு என்பது எமது சமயத்தின் துணிபு. ஆகவே உடம்பைப் பேணுவதும் வழிபாடே. கள்ளுண்ணலைப் பஞ்சமா பாதகங்களுள் ஒன்றாக எமது முன்னோர் எண்ணினர். வள்ளுவரும் திருக்குறளின் 93ஆம் அதிகாரத்தைக் கள்ளுண்ணாமைக்கென்றே ஒதுக்கினார்.

"நாங்கள் தினமும் குடிப்பவர்கள் அல்ல, விசேஷங்களில் மட்டுந்தான்" என்று எம்மிற் பலர் சொல்வதுண்டு. வெள்ளிக்கிழமை விரதம், சனிக்கிழமை விருந்து. அந்த ஓரிரவின் கணக்கைச் சற்றுப் பார்ப்போம். நாம் வாழும் பிரித்தானியாவில் மதுசாரத்தை யூனிட் கணக்கில் அளக்கின்றனர். 25 மில்லிலீட்டர் விஸ்கி ஒரு யூனிட். வாரத்துக்கு 14 யூனிட்டைத் தாண்டாதிருப்பதே நன்று என்பது 2016 முதல் மருத்துவ அதிகாரிகள் கூறும் அறிவுரை. 700 மில்லிலீட்டர் போத்தலில் 28 யூனிட் உண்டு. இருவர் ஒரு போத்தலை முடித்தால், ஒரு வாரத்து எல்லையை ஓரிரவில் எட்டிவிடுகின்றனர்.

எமது ஈரலோ ஒரு மணித்தியாலத்தில் ஏறத்தாழ ஒரு யூனிட்டைத்தான் அகற்றும். கோப்பியோ, தேசிக்காயோ, தலையில் ஊற்றும் குளிர்ந்த நீரோ அதை விரைவுபடுத்தாது. நள்ளிரவு வரை குடித்தவர், மறுநாட் காலை பிள்ளைகளைக் காரில் ஏற்றும்போதும் வெறி முற்றாகத் தெளியாதவராகவே இருக்கலாம்.

உறங்குபவர் இறந்தவரை ஒப்பர், கள்ளுண்பவர் நஞ்சுண்பவரை ஒப்பர் என்ற கருத்தை வள்ளுவர் ஒரே குறளில் வைத்தார். மிதமிஞ்சிக் குடித்து மயங்கியவர் விடயத்தில் இது வெறும் உவமையன்று. குடிப்பதை நிறுத்திய பின்னரும் இரத்தத்தில் மதுசாரம் ஏறிக்கொண்டே போகலாம். மூச்சு மந்தமாகும். உடல் குளிரும். வாந்தி தொண்டையில் அடைத்து உயிர் போகலாம். நாமோ "நித்திரை கொள்ளட்டும், விடியத் தெளிந்துவிடும்" என்று அறைக் கதவைச் சாத்திவிடுகிறோம்.

அடியார்களே, அப்படி ஒருவரைத் தனியே விடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து அருகிலிருங்கள். எழுப்பியும் எழாவிட்டால், மூச்சு தடுமாறினால், தோல் குளிர்ந்து வெளிறினால் அல்லது நீலம் பாரித்தால், வலிப்பு வந்தால், உடனே 999 இலக்கத்தை அழையுங்கள். "அம்புலன்ஸ் வந்தால் அயலவர் என்ன சொல்வார்கள்?" என்று தயங்க வேண்டாம். மானம் பெரிதுதான், ஆனால் ஒரு தாயின் பிள்ளை அதனிலும் பெரிது.

எமது குடும்பங்களில் நீரிழிவு மிகுதி. இன்சுலினோ சிலவகை மாத்திரைகளோ எடுப்பவர் குடித்தால், பல மணி நேரத்தின் பின்னரும் இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். அந்தத் தள்ளாட்டத்தையும் வெறியென்றே பார்ப்பவர் நினைப்பர்.

விருந்தோம்பல் எமது பெருமை. ஆனால் வேண்டாம் என்பவர் கையில் கிளாஸைத் திணிப்பது விருந்தோம்பலாகாது. மண்டபத்தில் மாமாமாரும் சித்தப்பாமாரும் செய்வதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டேயிருக்கிறார்கள். அடுத்த விசேஷத்தைப் போத்தலின்றி நடத்த எத்தனை வீடுகள் முன்வரும்? அதுவே நாம் ஆண்டவன் சந்நிதியில் வைக்கும் சிறந்த நேர்த்தி.

எல்லாம்வல்ல இறைவன் திருவருள் எம் அனைவரையும் காப்பதாக.