குரலுக்கு உரியவர்

பின்னணிக் குரல் தொழிலில் வெற்றி பெற்ற சிலர் பேசிய கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஒரு முகமும் பரிச்சயமில்லை. வாயைத் திறந்ததும் எல்லோரும் பழகியவர்களாகிவிட்டார்கள். குரல் கொடுத்தவன் யாரென்று எவருக்கும் நினைவு வராமலிருப்பதுதான் இந்தத் தொழிலின் வெற்றி என்றார் ஒருவர். சபை கைதட்டிற்று. எனக்குக் கை எழவில்லை.

1993-ல் வந்த 'அமராவதி'யில் அஜித்துக்கும், 1994-ல் 'காதலன்' படத்தில் பிரபுதேவாவுக்கும் பேசியவர் விக்ரம். பிற்பாடு அவரே புகழ்பெற்ற கதாநாயகனானதால் அதைச் சொல்லி மகிழ்கிறோம். அப்படி ஆகாதவர்களை யார் சொல்கிறார்கள்?

1977-ல் 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் கறுப்பு முகமூடிக்குள் நடித்தவர் டேவிட் ப்ரௌஸ். குரல் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸுடையது. தம் பங்கு சிறிது, பெயர் போட வேண்டாம் என்று ஜோன்ஸே சொல்லிவிட்டார். முதுமையில், யந்திரம் தம் குரலில் பேசவும் அவரே சம்மதம் தந்தார்.

அவர் விட்டுக்கொடுத்தார், அது துறவு. கேளாமலே ஒருவர் பெயரை விட்டுவிடுவதும், குரலை யந்திரத்துக்குள் வாரிக்கொள்வதும் களவு. ஏகாதசிக்குப் பட்டினி கிடப்பவனும், சோறில்லாமல் பட்டினி கிடப்பவனும் ஒன்றா?

அடக்கம் பெரிய குணம்தான். அதை அடுத்தவனுக்கு உபதேசிக்கும்போது மட்டும், அதனால் நமக்கு எவ்வளவு மிச்சமாகிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.