கொடிக்குக் காய் பாரமா?

'யாருக்கும் பாரமாக இல்லாமல் போய்ச் சேர வேண்டும்.' முதுமை எய்திய பெரியோரிடம், 'இறைவனிடம் என்ன வேண்டுகிறீர்கள்?' என்று கேட்டால், பலரும் சொல்லும் பதில் இதுவே. செல்வத்தையோ நீண்ட ஆயுளையோ அவர்கள் கேட்பதில்லை. பிறர் கையை எதிர்பார்த்துக் கிடக்கும் நிலை வரக் கூடாது என்பது ஒன்றே அவர்களது பிரார்த்தனை. கேட்பதற்கு இது பணிவான வேண்டுதலாகத்தான் தோன்றுகிறது. ஆனால் இதனுள் ஆழ்ந்து ஆராயத் தக்க ஒரு கேள்வி அடங்கியுள்ளது. பிறர் உதவியால் வாழ்வது இழிவா? இழிவுதான் என்றால், படுக்கையில் கிடக்கும் முதியோர் அனைவரும் இழிந்த வாழ்வு வாழ்கிறார்கள் என்றல்லவா ஆகிவிடும்?

இது ஏட்டளவில் நிற்கும் கேள்வி அல்ல. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 60 வயதைக் கடந்தோர் நூற்றுக்கு 8.6 பேர், கேரளத்தில் 12.6 பேர். அதன் பின்னர் இவ்விகிதம் மேலும் உயர்ந்துள்ளது. பிள்ளைகள் பிழைப்பை நாடி வெளியூருக்கும் வெளிநாட்டிற்கும் செல்லச் செல்ல, வீட்டில் தனித்து விடப்படும் முதியோரின் தொகையும் பெருகி வருகிறது.

எல்லையோரத்து முதியோர்

தமிழகத்தை ஒட்டியுள்ள பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் இந்நிலையைக் கண்கூடாகக் காணலாம். பாலக்காட்டின் கல்பாத்தி அக்கிரகாரம் ஐப்பசித் தேர்த் திருவிழாவின்போது நிரம்பி வழியும். தேர் நிலைக்கு வந்த பின் வெளியூர்ப் பிள்ளைகள் திரும்பிச் செல்வார்கள். பல வீடுகளில் முதியவர் ஒருவரோ இருவரோ மட்டும் எஞ்சுவர். தமிழ் பேசுவோர் மிகுந்த கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து இளைஞர்கள் கோவைக்கும் திருப்பூருக்கும் வேலைக்குச் செல்கிறார்கள்.

இடுக்கியின் மூணாறு, பீர்மேடு பகுதித் தேயிலைத் தோட்டங்களில் வேறொரு துயரம். 'லயம்' எனப்படும் வரிசை வீடுகளில் வாழ்ந்து, ஆயுள் முழுவதும் கொழுந்து பறித்தே முதுகு வளைந்த தமிழ்ப் பெண்கள் பலர் அங்குள்ளனர். அவ்வீடு வேலையோடு பிணைந்தது. பணி ஓய்வு பெற்றபின், குடும்பத்தில் வேறொருவர் அதே தோட்டத்தில் வேலை செய்தாலன்றி, அங்குத் தங்குவதே கேள்விக்குறியாகிவிடும். இன்னும் உள்ளே சென்றால் முதுவான் பழங்குடியினர் வாழும் இடமலைக்குடி. கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாக 2010-இல் அமைக்கப்பட்ட இவ்வூரின் குடியிருப்புகள் காட்டினுள் சிதறிக் கிடக்கின்றன. அங்கு நோயுற்றவரைத் தோளில் சுமந்தே வெளியே கொண்டுவர வேண்டிய நிலை நெடுங்காலம் இருந்தது.

இத்தகையோர் மருத்துவமனையைத் தேடி வர இயலாது. சேவைதான் அவர்களைத் தேடிச் செல்ல வேண்டும்.

தேடிச் செல்லும் கரங்கள்

இந்த உண்மையை உணர்ந்து செயல்பட்டதில் கேரளம் நாட்டுக்கே முன்னோடி. 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம். ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் ஆகியோரின் முயற்சியால், வலியால் வாடுவோருக்கென ஒரு சிறு அமைப்பு தொடங்கப்பட்டது. சில ஆண்டுகளில் ஓர் உண்மை புலப்பட்டது: நோயாளியின் துன்பத்தில் மருத்துவர் தீர்க்கக் கூடியது ஒரு பங்குதான். தனிமை, வறுமை, அச்சம் ஆகிய மற்றவற்றை அண்டை வீட்டாரே தீர்க்க முடியும். இதிலிருந்து அக்கம்பக்கத்தாரின் வலையமைப்பு உருவாயிற்று. ஆசிரியர், கடைக்காரர், ஓட்டுநர், மாணவர் எனப் பலதரப்பட்டோரும் பயிற்சி பெற்று, வாரத்தில் சில மணி நேரத்தைத் தம் ஊர் நோயாளிகளுக்காக ஒதுக்கினர். 2008-இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையை அறிவித்தது. ஊராட்சிகள் தங்கள் பொறுப்பில் செவிலியரை அமர்த்தி, வீடு தேடி அனுப்பத் தொடங்கின.

மலையாளத்தில் இப்பணியைச் 'சாந்த்வன பரிசரணம்' என்கிறார்கள். ஆறுதல் தரும் பணிவிடை என்பது அதன் பொருள். செவிலியர் படுக்கைப் புண்ணைக் கழுவிக் கட்டுகிறார். சிறுநீர்க் குழாயை மாற்றுகிறார். படுத்திருப்பவரை எப்படிப் புரட்டிக் கிடத்துவது என்று வீட்டாருக்குக் கற்றுத் தருகிறார். உடன் வரும் தொண்டர் அருகில் அமர்ந்து பேசுகிறார்.

1892-ஆம் ஆண்டின் இறுதியில் சுவாமி விவேகானந்தர் ஷொரணூர் வழியாக மலையாள நாட்டிற்குள் சென்றார். மனிதன் மனிதனை நெருங்கவும் தடை விதித்திருந்த கொடுமையைக் கண்டு அவரது நெஞ்சம் கொதித்தது. இன்று அதே மண்ணில், சாதி எது, சமயம் எது என்று வினவாமல் ஒரு கரம் மற்றொருவரின் புண்ணைக் கழுவுகிறது. சுவாமிஜியின் உள்ளம் குளிரும் காட்சி அல்லவா இது!

ஓர் ஆட்சேபம்

'வெளியார் வந்து பணிவிடை செய்தால், பெற்ற பிள்ளைகள் கடமையிலிருந்து நழுவிவிட மாட்டார்களா?' என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பெற்றோரையும் மூத்த குடிமக்களையும் பராமரிப்பதற்கென 2007-இல் நம் நாடு ஒரு சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. அச்சட்டம் பணம் தரும்படி ஆணையிட முடியும். அருகில் வந்து அமரும்படி ஆணையிட முடியாது. பெற்றோருக்குப் பட்ட கடனை அண்டை வீட்டார் அடைத்துவிட முடியாது என்பது உண்மையே. ஆனால் மகனின் மனச்சான்று விழிக்கும்வரை தாயின் புண் காத்திருக்காது. மேலும், சாத்திரங்கள் கூறும் ஐவகை வேள்விகளுள் மனிதருக்குச் செய்யும் வேள்வியும் ஒன்று. அது உறவினருக்கு மட்டும் உரியதன்று. இல்லறத்தான் நாள்தோறும் ஆற்ற வேண்டிய கடமை. ஆகவே அண்டை வீட்டாரின் சேவை, பிள்ளைகளின் கடமைக்கு மாற்று அல்ல. அது அண்டை வீட்டாருக்கே உரிய கடமை.

பாரம் என்பது எது?

இனி முதற்கேள்விக்கு வருவோம். உடலளவில் யாருக்கும் கடன்படாமல் வாழ்ந்தவர் எவருமில்லை. இவ்வுலகிற்கு வந்தபோது பிறர் கரங்களே நம்மை ஏந்தின; போகும்போதும் நால்வர் தோளில்தான் போகிறோம். இடையில் சில ஆண்டுகள் கால் வலுவாக இருப்பதைக் கொண்டு, 'நான் யாரையும் சாராதவன்' என்று எண்ணுவது அகங்காரத்தின் மயக்கம். வேதாந்தம் போற்றும் தன்னம்பிக்கை ஆன்மாவைப் பற்றியது. உடலைப் பற்றியது அன்று.

பகவான் ஸ்ரீராமகிருஷ்ணரின் இறுதி மாதங்களை எண்ணிப் பார்ப்போம். தொண்டைப் புற்றுநோயால் துன்புற்ற அவர், 1885 டிசம்பர் முதல் 1886 ஆகஸ்ட் வரை காசிப்பூர்த் தோட்ட வீட்டில் இருந்தார். அன்னை ஸ்ரீசாரதாதேவி பத்திய உணவு சமைத்தார்; நரேந்திரரும் பிற இளஞ்சீடர்களும் முறை வைத்து இரவும் பகலும் பணிவிடை செய்தனர்; இல்லறச் சீடர்கள் செலவை ஏற்றனர். அந்த நோய்ப் படுக்கையைச் சுற்றித்தான் இளைஞர்கள் ஒரே குடும்பமாக இணைந்தனர். ஒரு துறவியர் சங்கமே அங்கு உருப்பெற்றது. அவர் அவர்களுக்குப் பாரமாகவா இருந்தார்? பணிவிடையை ஏற்றதன் வாயிலாகவே அவர் அவர்களுக்கு எல்லாவற்றையும் வழங்கினார். கொடுப்பவரே பெறுகிறார், பெறுபவரே கொடுக்கிறார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அப்படியாயின் முதியோர் அஞ்சுவது ஏன்? உதவி பெறுவதற்காக அவர்கள் அஞ்சவில்லை. உதவியோடு வரும் அவமதிப்புக்கே அஞ்சுகிறார்கள். முகம் சுளித்து ஊட்டப்பட்ட உணவை, அறைக்கு வெளியே பேசப்பட்ட செலவுக் கணக்கை அவர்கள் வேறு வீடுகளில் பார்த்திருக்கிறார்கள். எனவே 'பாரமாகக் கூடாது' என்ற அவர்களது பிரார்த்தனை, உண்மையில் நம்மைப் பற்றிய தீர்ப்பு. திருத்திக் கொள்ள வேண்டியவர்கள் அவர்கள் அல்ல, நாமே.

திருத்தம் சிறியவற்றில் தொடங்குகிறது. லயத்து வீடொன்றில் தனித்திருக்கும் ஒரு மூதாட்டியைக் காணச் செல்வதாகக் கொள்வோம். வாசலில் நின்று அனுமதி கேட்டு நுழைய வேண்டும். அவரைப் பற்றிப் பிறரிடம் விசாரிக்காமல் அவரிடமே கேட்க வேண்டும். சொன்ன நாளில் தவறாமல் வர வேண்டும். ஏனெனில் அவர் அந்த நாளை எண்ணிக் கொண்டிருப்பார். அவர் நடுங்கும் கையால் பால் கலவாத தேநீர் கொடுத்தால், மறுக்காமல் அருந்த வேண்டும். அந்த ஒரு குவளையை ஏற்கும்போது அவர் நோயாளி அல்லர், விருந்தோம்பும் இல்லத்தரசி.

கொடிக்குக் காய் பாரமா என்பது நம் பழமொழி. பிள்ளைகளைச் சுமந்த காலத்தில் அப்பெரியோர் அதைச் சொல்லிக் காட்டியதில்லை, வாழ்ந்து காட்டினார்கள். இன்று கொடி தளர்ந்துவிட்டது. நம் தெருவில், நம் ஊரில் கதவு சாத்தியே இருக்கும் வீடு ஒன்று இருக்கலாம். இந்த வாரம் அக்கதவைத் தட்டுவோம். உள்ளிருந்து வரும் குரல் மெலிந்திருக்கலாம், அழைப்பவர் இறைவனே.