பயணத்தில் ஓர் இரவு: கேசினோவுக்குச் "சும்மா பார்க்க" போகலாமா?



   

நம்முடைய சங்ககிரி சக்கரத்தில் பிழைக்கும் ஊர். லாரி ஓனர், டிரைவர், டயர் கடைக்காரர், புக்கிங் ஆபீஸ் வைத்திருப்பவர் என்று இந்த ஸஃப்பில் உட்கார்ந்திருப்பவர்களில் பலருக்கும் ரிஸ்க் சாலை வழியாகத்தான் வருகிறது. ஆகவே பயணம் நமக்குப் புதிதல்ல. புதிதாக வந்திருப்பது வேறொன்று. விடுமுறை வந்தால் நான்கைந்து நண்பர்கள் சேர்ந்து ஒரு கார் எடுக்கிறார்கள். கிருஷ்ணகிரி, பெங்களூரு, துமகூரு, ஹுப்ளி வழியாகக் கோவா போகிறார்கள். அங்கே ஓர் இரவு, மாண்டவி ஆற்றில் மிதக்கும் கேசினோ கப்பலில் ஏறுகிறார்கள்.

திரும்பி வந்து அவர்கள் சொல்வது இதுதான்: "ஹஜ்ரத், நாங்க சூதாடப் போகல. ஷோ பார்த்தோம், சாப்பிட்டோம், வந்துட்டோம். இதுல என்ன தப்பு?"

கேள்வி நேர்மையாகக் கேட்கப்படுகிறது. பதிலையும் நேராகவே பார்ப்போம்.

பயணம் தடுக்கப்பட்டதல்ல

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஊர் சுற்றிப் பார்ப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. பூமியில் பயணம் செய்து, படைப்பை அல்லாஹ் எப்படித் தொடங்கினான் என்று பாருங்கள் என அல்அன்கபூத் அத்தியாயத்தின் 20-வது வசனம் நம்மை அழைக்கிறது. பயணிக்குத் தொழுகையில் சலுகை உண்டு, நோன்பில் சலுகை உண்டு. மறுக்கப்படாத துஆக்கள் மூன்று என்று பெருமானார் (ஸல்) எண்ணிச் சொன்னபோது, அநீதிக்கு உள்ளானவரின் துஆ, பெற்றவரின் துஆ ஆகியவற்றோடு பயணியின் துஆவையும் சேர்த்தார்கள் (நூல்: திர்மிதி).

கோவா என்ற ஊரும் பாவமான ஊரல்ல. அங்கே பள்ளிவாசல்கள் உண்டு, நம்மைப் போலவே ஜும்ஆ தொழும் ஜமாஅத்துகள் உண்டு. நம் டிரைவர்கள் லோடு இறக்கப் போகிறார்கள், வருகிறார்கள். அவர்கள் மீது எந்தக் குற்றமும் இல்லை. கேள்வி அந்தக் கப்பலைப் பற்றியது மட்டும்தான்.

டிக்கெட்டில் என்ன இருக்கிறது?

கேசினோவின் நுழைவுக் கட்டணம் சினிமா டிக்கெட் போன்றதல்ல. பெரும்பாலும் அது ஒரு பேக்கேஜ். அதற்குள் நான்கு சரக்குகள் இருக்கும்: சாப்பாடு, மது, மேடை நிகழ்ச்சி, அதோடு ஆடுவதற்குக் குறிப்பிட்ட மதிப்புள்ள சிப்ஸ். பல பேக்கேஜ்களில் அந்தச் சிப்ஸைக் கொடுத்துப் பணமாகத் திருப்பி வாங்க முடியாது. மேசையில் வைத்து ஆடினால்தான் அதற்கு மதிப்பு.

இப்போது சொல்லுங்கள். "நான் ஆடவில்லை" என்பவரின் பணம் எதற்குப் போயிருக்கிறது? மதுவுக்கும் சூதுக்கும் சேர்த்துத்தான் அவர் விலை கொடுத்திருக்கிறார். "சிப்ஸ் சும்மா கிடந்தது, ஒரு தடவை வச்சுப் பார்த்தேன்" என்று அடுத்த படி தானாக வருகிறது. நன்மையிலும் இறையச்சத்திலும் ஒருவருக்கொருவர் உதவுங்கள், பாவத்திலும் வரம்பு மீறலிலும் உதவாதீர்கள் என்று அல்மாயிதாவின் 2-வது வசனத்தில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். பாவத்தைக் கொண்டு நடக்கும் வியாபாரத்துக்கு டிக்கெட் வாங்குவதும் உதவிதான்.

"விலகி இருங்கள்"

அதே அத்தியாயத்தின் 90, 91 வசனங்களில் மது, சூது இரண்டையும் ஷைத்தானின் அசுத்தமான செயல்கள் என்று அல்லாஹ் சொல்கிறான். ஷைத்தான் இவற்றைக் கொண்டு உங்களுக்கிடையே பகையை மூட்டவும், திக்ரை விட்டும் தொழுகையை விட்டும் தடுக்கவும் விரும்புகிறான் என்று காரணத்தையும் விளக்குகிறான்.

இங்கே ஒரு சொல்லைக் கவனியுங்கள். "குடிக்காதீர்கள், ஆடாதீர்கள்" என்று மட்டும் அல்லாஹ் சொல்லவில்லை. "இஜ்தினாப்" என்ற சொல்லைக் கொண்டு கட்டளையிடுகிறான். ஒரு பொருள் ஒரு பக்கம் இருந்தால் நீ மறுபக்கம் போய்விடு என்பது அதன் கருத்து. கப்பலில் ஏறி, மேசைக்குப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பவரை விலகி இருப்பவர் என்று சொல்ல முடியுமா?

சாப்பாட்டைப் பற்றியும் தெளிவான வழிகாட்டல் இருக்கிறது. அல்லாஹ்வையும் மறுமை நாளையும் நம்புபவர், மது பரிமாறப்படும் விரிப்பில் உட்கார வேண்டாம் என்று பெருமானார் (ஸல்) கூறியதாக ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள் (நூல்: திர்மிதி). குடிப்பவரைப் பற்றிய ஹதீஸ் அல்ல இது. கூட உட்கார்பவரைப் பற்றியது.

உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களின் ஆட்சியில் குடித்துக்கொண்டிருந்த ஒரு கூட்டத்தைப் பிடித்து வந்தார்கள். "இவர்களில் ஒருவர் நோன்பாளி, அவர் குடிக்கவில்லை" என்று சொல்லப்பட்டது. தண்டனையை அவரிடமிருந்தே தொடங்குங்கள் என்றார்கள் கலீஃபா. இறைவசனங்கள் கேலி செய்யப்படும் சபையில் உட்காராதீர்கள், உட்கார்ந்தால் நீங்களும் அவர்களைப் போன்றவர்களே என்ற கருத்துடைய அந்நிஸா 140-வது வசனத்தை ஆதாரமாகக் காட்டினார்கள். இமாம் குர்துபி (ரஹ்) இந்தச் சம்பவத்தைத் தம் தஃப்ஸீரில் எடுத்துச் சொல்கிறார்கள். "நான் சும்மாதான் இருந்தேன்" என்று சொல்பவர்களுக்கு இதில் பாடம் இருக்கிறது.

மேடை நிகழ்ச்சியைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பார்வையைத் தாழ்த்திக்கொள்ளுங்கள் என்று அந்நூர் அத்தியாயம் 30-வது வசனம் ஆண்களுக்குத்தான் முதலில் கட்டளையிடுகிறது. அந்த ஷோவைப் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு பார்க்க முடியுமா என்று உங்கள் உள்ளத்தையே கேளுங்கள்.

லாரிக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

நீங்கள் கணக்குத் தெரிந்தவர்கள். டீசல், டோல், டயர் தேய்மானம், இன்சூரன்ஸ் எல்லாம் கழித்து ஒரு டிரிப்பில் என்ன நிற்கும் என்று மனக்கணக்காகச் சொல்லிவிடுவீர்கள். அதே கணக்கை ரூலெட் சக்கரத்துக்கும் போடுங்கள்.

ஐரோப்பிய ரூலெட்டில் பூஜ்யம் முதல் 36 வரை 37 எண்கள். ஓர் எண்ணுக்கு 100 ரூபாய் வீதம் எல்லா எண்ணிலும் வைத்தால் 3,700 ரூபாய் ஆகிறது. எப்படியும் ஒன்று ஜெயிக்கும். ஜெயித்த எண்ணுக்கு ஒன்றுக்கு 35 மடங்கு, அதாவது 3,500 ரூபாய், அத்துடன் அதில் வைத்த 100 ரூபாய். கைக்கு வருவது 3,600. ஒரு சுற்றுக்கு 100 ரூபாய் முதலாளிக்கு. பூஜ்யம் இரண்டு உள்ள அமெரிக்கச் சக்கரத்தில் இன்னும் மோசம், 3,800 வைத்தால் 3,600 வரும். யாரோ ஒருவர் ஒரு நாள் ஜெயிக்கலாம். தொடர்ந்து ஆடும் கூட்டம் ஜெயிக்கவே முடியாதபடிதான் அந்தச் சக்கரமே செய்யப்பட்டிருக்கிறது. டிரிப்புக்கு டிரிப்பு நஷ்டம் என்று எழுதிக் கொடுத்தால் அந்த லோடை நீங்கள் ஏற்றுவீர்களா?

நடத்துபவர்களே அஞ்சுகிறார்கள்

"அரசு அனுமதித்ததுதானே" என்று சிலர் கேட்கிறார்கள். கோவாவின் 1976-ம் ஆண்டு சூதாட்டத் தடைச் சட்டத்தில் 1992-ல் திருத்தம் செய்து ஐந்து நட்சத்திர ஓட்டல்களுக்கும், 1996-ல் கப்பல்களுக்கும் வாசல் திறந்தார்கள். அதே மாநில அரசு, 2020 பிப்ரவரி முதல் கோவாவாசிகள் கேசினோவில் சூதாட நுழையக் கூடாது என்று தடுத்தது. வெளியூர்க்காரன் வரலாம், சொந்த ஊர்ப் பிள்ளை வரக் கூடாது!

நம்மவர்கள் வேலைக்குப் போகும் சிங்கப்பூரைப் பாருங்கள். 2010-ல் அங்கே கேசினோ திறந்தபோதே சொந்தக் குடிமக்களுக்கு ஒரு நாளைக்கு 100 வெள்ளி நுழைவு வரி போட்டார்கள். 2019-ல் அதை 150 வெள்ளியாக உயர்த்தினார்கள். வெளிநாட்டுப் பயணிக்கு அந்த வரி கிடையாது. தன் பிள்ளைக்கு ஊட்டத் தயங்கும் சோற்றை விருந்தாளிக்குப் பரிமாறுகிறார்கள் என்றால், அந்தச் சோற்றின் தரம் என்ன?

அறியாமைக் கால அரபிகளின் "மைஸிர்" இதைவிட நாகரிகமானது. ஒட்டகத்தை அறுப்பார்கள். பத்து அம்புகளில் ஏழுக்குப் பங்கு உண்டு, மூன்று வெறும் அம்புகள். ஜெயித்தவர்கள் அந்த இறைச்சியைத் தாங்கள் உண்ணாமல் ஏழைகளுக்குக் கொடுத்துப் பெருமைப்படுவார்கள். அதனால்தான் அல்பகரா 219-வது வசனம், அவற்றில் மக்களுக்குச் சில பயன்களும் உண்டு, ஆனால் பயனைவிடப் பாவமே பெரிது என்று தீர்ப்பளிக்கிறது. ஏழைக்கு உணவளித்த சூதே ஹராம் என்றால், ஏழையின் வீட்டு உணவைப் பறிக்கும் சூதை என்னவென்று சொல்வது?

அழைப்பதற்கே பரிகாரம்

ஒருவர் தம் நண்பரிடம் "வா, சூதாடுவோம்" என்று சொல்லிவிட்டால் அவர் தர்மம் செய்யட்டும் என்று பெருமானார் (ஸல்) கூறினார்கள் (நூல்: புகாரி, முஸ்லிம்). ஆடினால் அல்ல, வாயால் அழைத்தாலே! வாட்ஸ்அப் குழுவில் "மச்சான், இந்தத் தடவை கப்பல் கன்ஃபார்ம்" என்று போடுபவர் இந்த ஹதீஸை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இதற்கு மேல் ஸ்டேட்டஸ் போடுகிறோம். பாவத்தை வெளிப்படுத்துவோரைத் தவிர என் உம்மத்தினர் அனைவரும் மன்னிக்கப்படுவர் என்ற கருத்தில் ஒரு நபிமொழி உண்டு. இரவில் செய்ததை அல்லாஹ் மறைத்து வைத்திருக்க, விடிந்ததும் தானே அதை வெளியே சொல்பவர் அந்தக் கூட்டத்தில் சேருவார் (நூல்: புகாரி). அல்லாஹ் போட்ட திரையை நம் கைபேசியாலேயே கிழிக்கலாமா?

கப்பல் வீட்டுக்கே வந்துவிட்டது

இதைக் கோவா போகாதவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். ஆன்லைன் ரம்மி என்ற பெயரில் கேசினோ நம் படுக்கையறைக்குள் வந்தது. தமிழ்நாட்டில் லாட்டரியை 2003-ல் தடை செய்தார்கள். ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிராக 2022-ல் சட்டசபை மசோதா நிறைவேற்றியது, 2023-ல் அது சட்டமானது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடுக்க 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் சட்டம் இயற்றியது. எத்தனை வீடுகளில் மனைவியின் நகை அடகுக்குப் போன பிறகு, எத்தனை தாய்மார்கள் அழுத பிறகு இந்தச் சட்டங்கள் வந்தன! லாரி நிறுத்தத்தில் லோடுக்காகக் காத்திருக்கும் தம்பிமார்களே, அந்த நேரம்தான் ஷைத்தான் கைபேசி வழியாக வரும் நேரம்.

என்ன செய்ய வேண்டும்?

ஒன்று, கார் புறப்படும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள். கப்பலின் படிக்கட்டில் நின்று எடுக்கும் முடிவு பெரும்பாலும் தோற்றுவிடும். மனிதன் தன் நண்பனின் வழியில் இருக்கிறான், யாரை நண்பனாக்குகிறோம் என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்பது நபிமொழி (நூல்: அபூதாவூத், திர்மிதி). "நீங்க போங்க மாப்ள, நான் வரல" என்று சொல்ல ஒருவர் இருந்தால், அவரோடு இன்னும் இருவர் நின்றுவிடுவார்கள்.

இரண்டு, பார்க்க நல்ல இடங்கள் இருக்கின்றன. பனாஜியில் அதே மாண்டவிக் கரையில் ஆதில்ஷாவின் பழைய அரண்மனை நிற்கிறது. போண்டாவில் 1560-ல் கட்டப்பட்ட ஸஃபா மஸ்ஜிதும் அதன் அழகிய குளமும் உண்டு. சற்றுச் சுற்றி வந்தால் பீஜப்பூரில் கோல் கும்பஸ். குடும்பத்தையும் அழைத்துச் செல்லுங்கள். மனைவி மக்களிடம் சொல்ல முடியாத பயணம் நல்ல பயணமாக இருக்க முடியாது.

மூன்று, பயணத்தில் தொழுகையை விடாதீர்கள். நம் ஹனஃபி மத்ஹபில் நான்கு ரக்அத் ஃபர்ளை இரண்டாகத் தொழ வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபிலோ, பாவத்துக்காகவே புறப்பட்டவருக்குக் கஸ்ருச் சலுகையே கிடையாது. பயண நிய்யத் எவ்வளவு முக்கியம் என்று இதிலிருந்து விளங்கிக்கொள்ளுங்கள்.

நான்கு, ஏற்கெனவே போய் வந்தவர் நிராசை அடைய வேண்டாம். தவ்பா செய்யுங்கள். ஜெயித்த பணம் கையில் இருந்தால் அது உங்களுடையதல்ல. உரியவரிடம் சேர்க்க வழியில்லை என்றால் நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுங்கள். தோற்றிருந்தால், விட்டதைப் பிடிக்க மறுபடியும் போகாதீர்கள். கடனில் சிக்கியிருந்தால் மறைக்காமல் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லுங்கள், ஜமாஅத்தில் நம்பிக்கையானவரிடம் சொல்லுங்கள். கடனைத் தீர்க்க வழி உண்டு. உயிரை விடுவது ஒருபோதும் வழியாகாது.

மறுமையில் செல்வத்தைப் பற்றி மட்டும் இரண்டு கேள்விகள்: எப்படிச் சம்பாதித்தாய்? எதில் செலவழித்தாய்? இரவெல்லாம் கண்விழித்து, மழையிலும் வெயிலிலும் ஓட்டிச் சம்பாதித்த பணம் உங்களுடையது. முதல் கேள்விக்கு உங்களிடம் அழகான பதில் இருக்கிறது. இரண்டாவது கேள்வியில் தோற்றுவிடாதீர்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பயணங்களை உனக்குப் பொருத்தமானவையாக ஆக்குவாயாக! சாலையில் இருக்கும் எங்கள் பிள்ளைகளைப் பாதுகாத்து, ஈமானோடும் ஆரோக்கியத்தோடும் வீடு சேர்ப்பாயாக! மது, சூது என்னும் கேடுகளிலிருந்து எங்கள் ஊரையும் எங்கள் வாலிபர்களையும் காப்பாயாக! ஹலாலைக் கொண்டே எங்களுக்குப் போதுமாக்குவாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.