தாளும் மையும்

மனிதனின் உண்மையான நிறம் எது என்பது பழைய கேள்வி. விழுப்புரத்தில் குடியிருந்து, திண்டிவனத்துக்கு நாள்தோறும் வேலைக்குப் போய்வரும் ஒரு குமாஸ்தாவை நான் அறிவேன். அலுவலகத்தில் அவர் பசு. வீட்டுப் படி ஏறியதும் புலி. "சாயம் வெளுத்துவிட்டது" என்கிறார்கள் அண்டை வீட்டார்.

சாயம் வெளுப்பது அவ்வளவு எளிய காரியமா? சூடு பட்டால் நிறம் மறையும் மை ஒன்று இன்று அச்சுத் தொழிலில் வழங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய உறைகளுக்குள் சாயமும், அதற்கு நிறம் தரும் அமிலமும், மெழுகு போன்ற ஒரு பொருளும் அடங்கியிருக்கின்றன. பரவலாக விற்கும் வகையில், 31 டிகிரி அளவில் மெழுகு உருகும்; சாயம் துணையைப் பிரியும்; நிறம் போய்விடும். ஆறினால் திரும்பி வரும். அந்த மையில் அச்சிட்ட அட்டை உதகையின் குளிரில் பளிச்சென்று தெரியும். சித்திரை மாதத்து நண்பகலில், விழுப்புரத்தில் வெறுமையாகக் கிடக்கும். மையின்மேல் என்ன குற்றம்?

தாளின் கதை இன்னும் விந்தையானது. இந்த மை அடியில் இருப்பதை முழுவதும் மறைப்பதில்லை. நீல மையை வெள்ளைத் தாளில் இட்டால் நீலம். மஞ்சள் தாளில் இட்டால் பச்சை. சூடு பட்டதும் அங்கே வெண்மையும் இங்கே மஞ்சளும் எஞ்சும். வழவழப்பான தாளில் அது மேலே நின்று ஒளிரும். சொரசொரப்பான தாள் உறிஞ்சி மங்க வைக்கும். ஆதலால் மையின் நிறத்தை அறிய வேண்டுமானால் வெள்ளைத் தாளில் இட்டுத்தான் பார்க்க வேண்டும்.

குமாஸ்தாவின் அலுவலகச் சாந்தம் மேலதிகாரியிடம் உள்ள அச்சத்தின்மேல் அச்சடித்தது. வீட்டுக் கோபமோ எதிர்த்துப் பேசாத மனைவியின் பொறுமையின்மேல் அச்சடித்தது. இரண்டும் வெள்ளைத் தாள் அல்ல. அப்படியானால் எல்லாவற்றுக்கும் சூழ்நிலையைக் காட்டித் தப்பிவிடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள்.

இரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் பேருந்துப் பயணம். அங்கே அவர் யாருக்கும் அஞ்ச வேண்டியதில்லை. அவருக்கு அஞ்சுவாரும் இல்லை. கைக்குழந்தையோடு நிற்கும் முன்பின் அறியாத பெண்ணுக்கு அவர் எழுந்து இடம் கொடுப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அதுவே அவருடைய வெள்ளைத் தாள்.

மைக்குத் தன் தாளைத் தேர்ந்தெடுக்க வழியில்லை. எந்தத் தாளில் எதை எழுதுவது என்று தேர்ந்தெடுக்க மனிதனுக்கு ஓரளவாவது வழி உண்டு. அந்த நல்ல நிறம் அவரிடம் இருக்கிறது. இருப்பதாலேயே, வீட்டில் அதைக் காட்டாததற்கு அவர் சொல்லும் எந்தச் சமாதானமும் செல்லாது.