சுடாத துப்பாக்கியும் மாக்கோழியும்

காட்டுப்பள்ளிக்கு வடக்கே, பழவேற்காட்டில், ஒல்லாந்தர் 1613இல் எழுப்பிய கெல்டிரியா கோட்டையின் சிதைவுகள் புதர் மண்டிக் கிடக்கின்றன. பதினேழாம் நூற்றாண்டில் அங்கே வெடிமருந்து ஆலை ஒன்று இயங்கிற்று. கீழ்த்திசைக் கடல்களில் சென்ற ஒல்லாந்தர் கப்பல்களுக்கு இவ்வேரிக்கரை மருந்து பயன்பட்டது. இன்று அக்கரையில் மீனவர் வலை உலர்த்துகின்றனர். (பள்ளி என்னும் சொல்லைக் கண்டதும் நம் முனிவர் உறைவிடம் நினைவுக்கு வருவது இயல்பே, ஊர்ப்பெயர் ஒன்றையே சான்றாகக் கொண்டு முடிவு கட்டுவதற்கில்லை.)

கொலைக்கருவி பழமையடைந்தால் அதன் கொடுமையும் தீர்ந்துவிடுமா? பழைய இராணுவ, போலீஸ் கார்பைன்களைச் சேகரிப்பது வசதி படைத்தோரின் பொழுதுபோக்காக இருந்து வருவதால், இவ்வினாவை நம் இல்லத்தாரும் எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது.

கார்பைன் என்பது குழல் குறுகிய துப்பாக்கி. குதிரைமேல் அமர்ந்து கையாளுதற்பொருட்டு நீளம் குறைக்கப்பட்டது. பிற்காலத்தில் காவலர் கைக்கும் வந்தது. ஸ்னைடர், மார்ட்டினி-ஹென்றி என்று பெயர் சொல்லி, இரும்பில் பொறித்த முத்திரையையும் ஆண்டையும் படைப்பிரிவின் எண்ணையும் சேகரிப்போர் உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு ஆராய்கின்றனர். பழுது பார்த்தாலும் சுட இயலாத பழந்துப்பாக்கியை 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் தன் 45ஆம் பிரிவில் விலக்கி வைத்துள்ளது. ஆகவே சட்டத்தின் தடை இல்லை.

அறத்தின் நிலை என்ன? ஆசாரியர் சமந்தபத்திரர் அனர்த்த தண்டம் ஐந்தனுள் இம்சாதானத்தையும் வைத்தார். கோடரி, வாள், நெருப்பு, சங்கிலி போன்ற கொலைக்குரிய பொருள்களைப் பிறர்க்கு ஈதல் அது. சுடாத துப்பாக்கி கொலைக்கு உதவாதே, அதனால் என்ன குற்றம் என்று கேட்பவர்க்கு யசோதர காவியத்தை நினைவூட்ட விரும்புகிறேன். உயிர்க்கொலைக்கு அஞ்சிய மன்னன், தாய் சந்திரமதியின் சொல்லுக்கு இணங்கி மாவினாற் செய்த கோழியைப் பலியிட்டான். அங்கே சிந்தியது குருதியன்று. எனினும் மகன் மயிலாகவும் தாய் நாயாகவும் பிறந்து துன்புற்றனர். வினை ஒட்டியது மாவினால் அன்று, எண்ணத்தால்.

இதனைக் கொண்டு பழந்துப்பாக்கி யாவும் பாவம் என்று கூறிவிடுதல் பொருந்தாது. கோமதேசுவரர் திருவுருவை எழுப்பிய சாமுண்டராயர் படைத்தலைவர் அல்லரோ? எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் தஞ்சை அரண்மனை ஆயுதங்களைக் காண்பவன் மன்னர் வரலாற்றைக் கற்கிறான். எழும்பூரிலேயே பழைய காவல் ஆணையர் அலுவலகத்தில் 2021இல் திறக்கப்பட்ட காவல் அருங்காட்சியகமும் அத்தகையதே. அங்குள்ள பொருள் எவர் உடைமையும் அன்று. அதனால் 'என்னுடையது' என்னும் மயக்கம் எழுவதில்லை. வீட்டுக் கண்ணாடிப் பெட்டியில் இருப்பதோ வேறு. நண்பர் வந்தால் அதனை எடுத்துத் தோளில் வைத்துக் குறிபார்த்துக் காட்டத் தோன்றும். அந்தக் கணத்தில் குறியின் மறுமுனையில் மனம் எதனை நிறுத்துகிறது? 1920 ஏப்ரல் 3இல் பெருங்காமநல்லூரில் காவற்படை சுட்டதில் 16 பேர் மாண்டனர். அத்தகைய கருவியின் முத்திரையைப் போற்றுபவன் அவர்களையும் நினைப்பானாயின், அப்பொருள் அவனுக்குப் பாடமாகலாம். நினைப்பவர் சிலரே என்பது என் கருத்து.

பாட்டனார் வழியாக வந்த துப்பாக்கியை வைத்திருப்போர் வேறு வகையினர். அவர்கள் அதனைத் தேடிச் சென்றவர் அல்லர். ஆயினும் நல்ல விலைக்கு மற்றொரு சேகரிப்பாளர்க்கு விற்பது, பழுது பார்த்தால் சுடக்கூடியதாயின், இம்சாதானமாகவே முடியும். சட்டமும் உரிமம் கேட்கும். காவல் நிலையத்திற்குத் தெரிவித்து அருங்காட்சியகத்திற்கு அளிக்கும் வழி இருக்கிறது. அதில் விலை கிடைக்காது. பெயர்ப்பலகையில் பாட்டனார் பெயர் இடம்பெறுமா என்பதையும் அவர்களே முடிவு செய்வர்.