காந்தத்துக்குள் ஓடுவது

சின்ன வயதில், பழைய ரேடியோவின் ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய கறுப்புக் காந்த வளையம் ஒன்று என்னிடம் இருந்தது. நூலில் கட்டித் தெருமணலில் இழுத்தால் இரும்புப் பொடி மீசை முளைத்துக்கொண்டு வரும். ஒருநாள் கைதவறி விழுந்து இரண்டாக உடைந்தது. ஒரு துண்டு வடக்கு, மற்றது தெற்கு என்று பிரிந்திருக்கும் என நினைத்தேன். புரட்டிப் பார்த்தால், இரண்டு துண்டுகளுமே ஒரு பக்கம் ஒட்டின, மறுபக்கம் தள்ளின. கல்லால் தட்டி இன்னும் சிறிதாக்கினேன். ஒவ்வொரு சில்லும் முழுக் காந்தமாகவே இருந்தது. அந்த வியப்பு எனக்கு இன்றும் அடங்கவில்லை.

1820இல் கோபன்ஹேகனில் இயற்பியலாளர் ஏர்ஸ்டெட், மின்சாரம் பாயும் கம்பிக்குப் பக்கத்தில் திசைகாட்டி ஊசி திரும்புவதைக் கண்டார். செப்டம்பரில் அச்செய்தி பாரிஸ் போய்ச் சேர்ந்தது. கம்பி எப்படிக் காந்தமாயிற்று என்று மற்றவர்கள் யோசித்தார்கள். அங்கிருந்த விஞ்ஞானி ஆம்பியர் கேள்வியையே திருப்பிப்போட்டார்: காந்தத்துக்குள் மின்சாரம் ஓடுகிறதோ? ஒரே திசையில் மின்சாரம் பாயும் இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று இழுப்பதைச் செய்தே காட்டினார். அங்கே இரும்புத் துணுக்குகூட இல்லை.

நண்பர் ஃப்ரெனெல் ஒரு தடை சொன்னார். இரும்பு முழுக்க மின்சாரம் சுற்றினால் அது சூடாக வேண்டாமா? மூலக்கூறு ஒவ்வொன்றிலும் தனித்தனியாகச் சுற்றட்டுமே என்று வழியும் அவரே சொன்னார். ஆம்பியர் ஏற்றுக்கொண்டார். நட்பு என்றால் இது என்று தோன்றுகிறது.

அந்தக் குட்டிச் சுழிகளை நெருக்கி அடுக்கிப் பாருங்கள். ஒன்றின் வலப்பக்கம் ஏறும் ஓட்டம், அடுத்ததன் இடப்பக்கம் இறங்கும் ஓட்டத்தோடு கழிந்துபோகும். கழியாமல் மிஞ்சுவது வெளி விளிம்பைச் சுற்றும் ஓட்டம் மட்டுமே. எங்கே உடைத்தாலும் அங்கே புது விளிம்பு. அதைச் சுற்றியும் ஓட்டம். வடக்கும் தெற்கும் அந்தச் சுற்றின் இரண்டு முகங்கள். காசை உடைத்துப் பூவை மட்டும் எடுத்துக்கொள்ள முடியுமா?

ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள நியோடிமியம் காந்தத்தின் விளிம்பு ஓட்டத்தைக் கணக்கிட்டால் 9,000 ஆம்பியரைத் தாண்டும். வீட்டில் ஏசிக்குப் போடும் பெரிய பிளக் தாங்குவது 16 ஆம்பியர். காந்தமோ கையில் சில்லென்று கிடக்கிறது.

இரும்பின் காந்தத்துக்குப் பெரும்பங்கு எலக்ட்ரானின் ஸ்பின் என்னும் இயல்புதான் காரணம் என்று பின்னால் தெரிந்தது. அது கம்பியில் ஓடுவதுபோன்ற ஓட்டமில்லை. பம்பரம்போல உருண்டை எதுவும் அங்கே சுழலவும் இல்லை. அப்படியானால் ஆம்பியர் தோற்றாரா? ஹைட்ரஜன் அணுவிடமே கேட்கலாம். அதில் புரோட்டானும் எலக்ட்ரானும் குட்டிக் காந்தங்கள். அவை ஒன்றுக்கொன்று நிற்கும் நிலை மாறும்போது ரேடியோ அலை ஒன்று புறப்படும். அந்தக் காந்தங்கள் வடக்கும் தெற்குமாக ஒட்டிவைத்த முனைகளாக இருந்தால் அலைநீளம் 42 சென்டிமீட்டர் வரவேண்டும். சுற்றோட்டத்தின் இயல்புள்ளவை என்றால் 21.

1951இல் ஹார்வர்டில் யூவனும் பர்செல்லும் ஜன்னலுக்கு வெளியே கொம்புபோன்ற ஆன்டெனாவை நீட்டி, நட்சத்திரங்களுக்கு நடுவே பரந்து கிடக்கும் ஹைட்ரஜனின் அலையைப் பிடித்தார்கள். வந்தது 21.